கேசாதிபாதத்தில் இல்லாத நரம்பு

எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு கவிதை எழுதினேன். புளியறையில் இருக்கும் என் அத்தைக்கு அப்போது இடது மார்பை எடுத்திருந்தார்கள். தையல் பிரித்து வீட்டுக்கு வந்தவளைப் பார்த்துவிட்டுத் திரும்பிய இரவில் எழுதியது. அதில் அத்தை கண்ணகியாக இருந்தாள். தீ இருந்தது, நீதி இருந்தது, எரியும் நகரம் இருந்தது. சிற்றிதழ் ஒன்றில் வெளிவந்தது. நண்பர்கள் பாராட்டினார்கள்.

அடுத்த முறை ஊருக்குப் போனபோது, “என்னப் பத்தித்தானே எழுதிருக்க, வாசி, கேப்போம்” என்றாள் அத்தை. வாசித்தேன். திண்ணையில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தவள், முடிந்த பிறகும் கொஞ்ச நேரம் பேசவில்லை. சோதனைச் சாவடியில் லாரிகள் நின்று கிளம்பும் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. பிறகு கேட்டாள்:

“ஏட்டி, அந்தக் கண்ணகிக்குக் கை மரத்துப்போச்சாமா? அதப் பத்தி ஏதும் எழுதிருக்காவளா?”

அவள் கேலியாகக் கேட்கவில்லை. அறுவைக்குப் பிறகு அவளுடைய இடக்கையின் உள்பக்கம், அக்குளிலிருந்து முழங்கைக்குச் சற்று மேலே வரை, மரத்துக் கிடந்தது. ஒருநாள் வெந்நீர்ப் போணியை அணைத்துத் தூக்கியிருக்கிறாள். தோல் வெந்தது தெரியவில்லை. சாயங்காலம் ரவிக்கையைக் கழற்றும்போதுதான் கொப்புளம் உடைந்து துணியில் ஒட்டியிருப்பதைப் பார்த்தாள். சிகிச்சை பெற்ற இடத்தில் போய்க் கேட்டதற்கு, “எல்லாம் நரம்புதாம்மா, போகப் போகச் சரியாயிரும்” என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அறுவைக்கு முன்னால் அங்கே கையெழுத்து வாங்கிய தாள் ஆங்கிலத்தில் இருந்தது. கையெழுத்துப் போட்டது மாமா.

சிலப்பதிகாரத்தை நான் பல வருஷங்களாக வகுப்பில் நடத்துகிறேன். அத்தைக்கு அன்று பதில் சொல்லத் தெரியவில்லை. பிறகு தேடிப் பார்த்தேன். இல்லை, எழுதவில்லை. ஏன் எழுதவில்லை என்பதும், எழுதாமல் போனதற்கும் அத்தையின் கொப்புளத்துக்கும் என்ன தொடர்பு என்பதும்தான் இந்தக் கட்டுரை.

*

நரம்பு என்பது தமிழில் பழைய சொல். மிக அகலமான சொல்லும்கூட. யாழில் கட்டிய தந்தி நரம்பு. அதிலிருந்து எழும் சுரமும் நரம்பு. குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்ற ஏழையும் இசைநூலார் நரம்பு என்றே சொன்னார்கள். இலையில் ஓடும் கோடு நரம்பு. உடம்பில் தசையை எலும்போடு கட்டும் நாரும் நரம்பு, ரத்தம் ஓடும் குழாயும் நரம்பு. இன்றைக்கும் குளுக்கோஸ் ஏற்ற வரும் நர்ஸ் கையைத் தட்டிப் பார்த்து “நரம்பே சிக்கல” என்கிறார். அவர் தேடுவது சிரையை. காலில் புடைத்து நெளியும் சிரையை நரம்புச் சுருட்டல் என்கிறோம். மூளைக்கும் தோலுக்கும் நடுவே சேதி கொண்டுபோகும் இழைக்கு மட்டும் உரிய பெயராக நரம்பைக் குறுக்கியது நவீன மருத்துவம்.

தொட்டால் ஒலிப்பது எதுவோ அதுவே நரம்பு என்று வைத்துக்கொண்டால் அந்தப் பழைய பொருள் எவ்வளவு நுட்பமானது! ஆனால் எல்லாவற்றையும் குறிக்கும் சொல் எதையும் குறிக்காமலும் போகும். மார்பில் கட்டி தட்டுப்பட்ட பிறகு ஏழெட்டு மாதம் அத்தை யாரிடமும் காட்டவில்லை. “நரம்பு முடிச்சு விழுந்துருக்குன்னு நெனச்சேன்” என்றாள். களை பறிக்கக் கூட வந்த பெண்களும் அப்படித்தான் சொன்னார்கள். ஒருத்தி எண்ணெய் தடவி நீவியும் விட்டாள். கட்டியை மறைத்ததும் இந்தச் சொல்தான்; கை மரத்தபோது வாயை அடைத்ததும் இந்தச் சொல்தான்.

ஆணுடைய நரம்புக்கு இந்தக் கதி இல்லை. தென்காசிப் பக்கம் சுவர்களைப் பாருங்கள், பேருந்து நிலையக் கழிப்பறைக் கதவுகளைப் பாருங்கள்: நரம்புத் தளர்ச்சி என்று கொட்டை எழுத்தில் எழுதியிருக்கும். மாதத்துக்கு ஒருநாள் லாட்ஜில் அறை எடுத்து உட்காரும் வைத்தியர்கள் அதற்கென்றே வருகிறார்கள். குற்றாலத்தில் சீசன் நாட்களில் ஆண்கள் வெற்றுடம்போடு கிடக்க, எண்ணெய் தேய்ப்பவர்கள் நரம்பு நரம்பாக நீவி விடுகிறார்கள். பிறகு அருவியில் நின்று, நெஞ்சில் தண்ணீர் அறைவதை அவர்கள் கண்ணை மூடி அனுபவிக்கிறார்கள். கம்பித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நாம் சுடிதாரும் நைட்டியுமாக, துணி உடம்பில் ஒட்டுகிறதா, யார் பார்க்கிறார்கள் என்ற கவனத்தோடு நிற்கிறோம். ஆணின் நரம்பு தளர்ந்தால் அது நோய், மருந்து உண்டு. பெண் வலிக்கிறது என்றால் ‘அவளுக்கு நரம்புக் கோளாறு’. ஒரே சொல், ஆணுக்குச் சிகிச்சையின் தொடக்கமாகவும் பெண்ணுக்கு விசாரணையின் முடிவாகவும் இருக்கிறது.

*

இலக்கியத்துக்கு வருகிறேன். பெண்ணின் உடம்பை வரிசையாகச் சொல்வதற்குத் தமிழில் ஓர் இலக்கிய வடிவமே உண்டு. தலைமுடி தொடங்கிப் பாதம் வரை பாடினால் கேசாதிபாதம். பாதத்தில் தொடங்கி மேலே போனால் பாதாதிகேசம். தெய்வங்களையும் தலைவர்களையும் இப்படிப் பாடியிருக்கிறார்கள். ஆனால் அந்த முறை பெண்ணுடம்பின் மீது நகரும்போது அதன் குணம் மாறிவிடுகிறது. எங்கள் வட்டாரத்தின் பெருமையான திருக்குற்றாலக் குறவஞ்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். தென்காசியை ஒட்டிய மேலகரத்துக்காரர் திரிகூடராசப்பக் கவிராயர், 18ஆம் நூற்றாண்டில் எழுதியது. பந்தடிக்க வரும் வசந்தவல்லியைக் கவிராயர் கொண்டையில் பிடித்து ஒவ்வோர் உறுப்பாக இறங்குகிறார். அந்தச் சந்தத்தில் மயங்காதவர் யார்? நானும் மயங்கியவள்தான். எட்டாம் வகுப்பில் மனப்பாடம் செய்து மேடையில் பரிசு வாங்கியவள்.

இருந்தாலும் நிதானமாகப் படித்தால் தெரிவது, வரிசை முழுவதும் பார்ப்பவனின் கண் போகிற வழி என்பது. மார்புக்கு நம் மரபு தந்த உவமைகளை நினைத்துப் பாருங்கள்: கோங்கின் அரும்பு, தாமரை மொட்டு, செப்பு, கலசம், இளநீர், யானையின் கொம்பு. எல்லாமே வடிவம், பருமன், திண்மை. இந்தப் பட்டியலில் உள்ள ஒன்றுக்கும் வலிக்காது. செப்புக்கு நரம்பு கிடையாது.

வசந்தவல்லிக்கு உணர்வே இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது. காதல் நோயில் நிலா அவளைச் சுடுகிறது, மன்மதனைப் பழிக்கிறாள். ஆனால் அந்தச் சூடு, குற்றாலநாதரின் அழகுக்குச் சொல்லும் சாட்சி. அவள் உணர்வது, அவர் எப்படிப்பட்டவர் என்பதை நமக்குச் சொல்வதற்காக. அவளுக்காக அவள் உணரும் ஓரிடம் அந்த உடம்பில் இல்லை.

கவிதை மட்டும் அப்படி என்றில்லை. புளியறையும் செங்கோட்டையும் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடு, பிறகு அதன் வழிவந்த திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்தவை. அந்தச் சமஸ்தானத்தில்தான் தோள்சீலைப் போராட்டம் நடந்தது. பல பத்தாண்டுகள் அடியும் அவமானமும் பட்ட பிறகு, 1859 ஜூலையில் நாடார் பெண்கள் மார்பை மறைத்துக்கொள்ளலாம் என்று அரசு அறிவித்தது. அப்போதும் மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்ற நிபந்தனையோடு. பெண்ணின் மார்பின் மேல் எந்தத் துணி, எந்த விதத்தில் கிடக்க வேண்டும் என்பதை அரசாணை தீர்மானித்தது. பாடினாலும் ஆணையிட்டாலும் இரண்டுமே மேல்தோலோடு நின்றுவிட்டன.

*

பார்த்ததற்கு அடுத்தபடியாக நம் இலக்கியம் முலையை வைத்துச் செய்த பெரிய காரியம் அதை அறுத்தது.

புறநானூற்றின் 278ஆம் பாட்டு நமக்குத் தெரிந்ததுதான். போரில் மகன் புறமுதுகிட்டான் என்று ஊரார் சொல்ல, அவன் குடித்த முலையை அறுத்தெறிவேன் என்று வாளெடுத்துப் போகும் முதியவள். பிணங்களைப் புரட்டிப் பார்க்கிறாள். மகன் வெட்டுண்டு கிடக்கிறான். பெற்ற நாளைவிட மகிழ்கிறாள். உவகைக் கலுழ்ச்சி என்று துறை வகுத்திருக்கிறார்கள். எழுதியவர் ஒரு பெண், காக்கைபாடினியார் நச்செள்ளையார். இந்தப் பாட்டின் முதல் சொல்லே நரம்பு என்பதை எத்தனை பேர் கவனித்திருக்கிறோம்? நரம்பு புடைத்து வற்றிய தோளோடுதான் அந்தக் கிழவி அறிமுகமாகிறாள். ஒரு பெண் கவிஞர் கொங்கையை வருணித்துத் தொடங்காமல், உழைத்து வற்றிய தோளில் தொடங்கியிருக்கிறார். அதுவரை சரி. ஆனால் பாட்டு நகர நகர அந்த உடம்பு மறைந்து, மறக்குடிப் பெருமை வந்து உட்கார்ந்துகொள்கிறது. முலை அங்கே தண்டனைக்குரிய பொருள்: மகன் கோழையானால் பால் கொடுத்தது குற்றவாளி.

நற்றிணை 216இல் மருதன் இளநாகனார் ஒரு வரிக் குறிப்பாகச் சொல்லிவிட்டுப் போகிறார், ஒரு முலை அறுத்த திருமாவுண்ணியை. வேங்கை மரத்தடியில் அவள் கதை நிற்கிறது. அறுத்தாள் என்ற செய்திதான் இருக்கிறது. அதற்குப் பிறகு அவள் எப்படி மூச்சு விட்டாள் என்பது இல்லை.

பிறகு கண்ணகி. இளங்கோ சொல்லும் வரிசையைப் பாருங்கள்: இடது முலையைக் கையால் திருகுகிறாள். மதுரையை மூன்றுமுறை வலம் வருகிறாள். தெருவில் வீசுகிறாள். நகரம் எரிகிறது. பிறகு மேற்கே நடந்து மலையேறுகிறாள். பதினாலாம் நாள் கோவலன் வந்து வானுலகுக்கு அழைத்துப்போகிறான். பதினாலு நாள்! அத்தைக்கும் பதினாலாம் நாள்தான் தையல் பிரித்தார்கள். அதுவரை இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியாமல், கையைத் தலைக்கு மேலே தூக்கித் தலை சீவ முடியாமல், ரத்தநீர் வடியும் குழாயைப் பையில் சுமந்துகொண்டு இருந்தாள். கண்ணகி அந்தப் பதினாலு நாளும் புண்ணோடு காட்டில் நடந்திருக்க வேண்டும். அவள் துயரத்தையும் சீற்றத்தையும் இளங்கோ பேசுகிறார். மலைக் குறவர்கள் முலையிழந்து நிற்பவளைக் கண்டு மனம் நடுங்குவதையும் பேசுகிறார். புண்ணை மட்டும் பேசவில்லை. கற்பின் தீக்கு ஊறு இல்லை என்பது காப்பிய நியாயம். ஆனால் அந்த நியாயத்தைத்தான் நான் என் கவிதைக்கு இரவல் வாங்கி, அத்தையின் உடம்பின் மேல் போர்த்தினேன். அவள் வலி எனக்கு உவமையாகப் போதுமானதாக இருந்தது; வலியாக நான் அதைக் கேட்கவில்லை.

இந்த வரிசையில் விதிவிலக்கு ஒருத்தி உண்டு, தென்காசியிலிருந்து மதுரை போகிற வழியில் இருக்கும் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரி. நாச்சியார் திருமொழியின் பதின்மூன்றாம் திருமொழியில், பயனற்ற இந்தக் கொங்கையை வேரோடு பிடுங்கி அவன் மார்பில் எறிந்து என் எரிச்சலைத் தீர்த்துக்கொள்வேன் என்கிறாள் ஆண்டாள். எறிவது பழைய செயல்தான். ஆனால் இங்கே அது ஊரை எரிக்க அல்ல, தன் எரிச்சலைத் தீர்க்க. மற்ற மூவருக்கும் முலை வெளியே இருக்கும் பொருள். ஆண்டாளுக்கு அது உள்ளே வேர் ஓடிய ஒன்று. பிடுங்கினால் ஆழத்திலிருந்து வரும் என்று அவளுக்குத் தெரிகிறது. தன் மார்பைத் தானே உள்ளிருந்து பேசும் பெண்குரல் அது. பக்தி, பரமாத்மா என்று உரை எழுதி உரை எழுதி அந்த வேரை மூடிவிட்டோம்.

*

கேசாதிபாதத்துக்கு நேர் எதிரே இன்னொரு பட்டியல் தமிழில் உண்டு: அங்காதிபாதம், அதாவது உடற்கூறு நூல். அமெரிக்க மிஷனரி மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் 1847இல் யாழ்ப்பாணத்துக்கு வந்தார். மானிப்பாயில் மருத்துவமனை தொடங்கி, தமிழ் மாணவர்களுக்குத் தமிழிலேயே மேல்நாட்டு மருத்துவம் கற்பித்தார். மாணவர்களோடு சேர்ந்து பெரிய பெரிய மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். 1857இல் மான்செல்லின் பிரசவ நூல், 1867இல் டுரூயிட்டின் அறுவை மருத்துவம், 1872இல் கிரேயின் உடற்கூறியல். கடைசி நூலுக்குத் தமிழில் வைத்த பெயர் மனுஷ அங்காதிபாதம். கிரேயின் மூலம் லண்டனில் 1858இல்தான் வெளியாகியிருந்தது. பதினாலே வருஷத்தில் அது தமிழில் வந்துவிட்டது. இன்று மருத்துவத்தைத் தமிழில் படிக்க முடியுமா என்று பட்டிமன்றம் நடத்துகிறோம்.

கேசாதிபாதமும் அங்காதிபாதமும் ஒரே இலக்கணத்தில் அமைந்த சொற்கள் என்பது தமிழ் படித்தவள் காதுக்கு உடனே எட்டும். ஒன்று கண்ணால் மேயும் வரிசை. மற்றது கத்தியால் திறக்கும் வரிசை. இரண்டாவதில்தான் நரம்புக்குப் பெயர் வந்தது, கிளை வந்தது, எந்த எலும்புக்கு அடியில் ஓடுகிறது என்ற முகவரி வந்தது. இது சின்ன விஷயம் அல்ல. ஆனால் அந்தப் பட்டியலையும் கொண்டாடிவிட்டு நகர முடியவில்லை. கிரேயின் காலத்து லண்டனில் அறுத்துப் படிக்கப்பட்ட உடல்கள் பெரும்பாலும் ஏழைகளுடையவை. கேட்க ஆளில்லாமல் செத்தவர்களின் உடலை உடற்கூறு வகுப்புக்குக் கொடுக்க 1832இல் சட்டமே போட்டிருந்தார்கள். மானிப்பாயில் கிரீனிடம் அந்த நூலைப் படித்தவர்கள் ஆண்கள். சென்னை மருத்துவக் கல்லூரி பெண்களைச் சேர்த்துக்கொண்டது 1875இல்தான். ஆக, நரம்புக்குப் பெயர் வைத்தவனும் படித்தவனும் ஆண். அறுபட்ட உடம்பு பேசாது. தமிழில் பெயர் வந்து ஒன்றரை நூற்றாண்டு ஆகியும், அத்தையிடம் அது வந்து சேரவில்லை.

*

நான்தான் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டியிருந்தது. என் மாணவி ஒருத்தியின் அக்கா நர்சிங் படித்தவள். அவளுடைய உடற்கூறியல் புத்தகத்தை இரவல் வாங்கிக்கொண்டு புளியறைக்குப் போனேன். அந்த இரண்டு நாளில் நாங்கள் சேர்ந்து படித்தவற்றில் சிலவற்றை இங்கே சொல்கிறேன். இதைப் படிக்கும் பெண்களில் பலருக்கும் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

முதுகுத் தண்டிலிருந்து நெஞ்சுப் பகுதிக்குப் பன்னிரண்டு ஜோடி நரம்புகள் கிளம்புகின்றன. ஒவ்வொரு விலா எலும்பின் கீழ்விளிம்பை ஒட்டியும் சிரை, தமனி, நரம்பு என்று மேலிருந்து கீழாக மூன்றும் சேர்ந்து ஓடுகின்றன. நெஞ்சுக்கூட்டில் கோத்த நீரை ஊசியால் எடுக்கும் மருத்துவர் விலாவின் மேல்விளிம்பை ஒட்டிக் குத்துவது இதனால்தான். இந்த விலா நரம்புகள் பக்கவாட்டில் ஒரு கிளை, முன்புறம் ஒரு கிளை என்று தோலுக்கு வருகின்றன. முலையின் உணர்ச்சி பெரும்பாலும் இரண்டாவது முதல் ஆறாவது வரையிலான விலா நரம்புகளின் கிளைகளால் வருவது. காம்புக்கு முக்கியமாக வருவது நான்காவது.

பிள்ளை சப்பும்போது அந்தச் சேதி இந்த நரம்புகள் வழியாகத் தண்டுவடத்துக்குப் போய், மூளைக்கு ஏறி, ஆக்சிடோசின் சுரந்து, ரத்தத்தில் கலந்து திரும்பி வந்து பாலை வெளியே தள்ளுகிறது. பிள்ளை அழும் சத்தமே போதும் சிலருக்கு. பயமும் வலியும் களைப்பும் இந்தச் சுழற்சியைத் தடுக்கும். பால் பாசத்தின் அளவுகோல் அல்ல. பால் கட்டிக்கொண்டு வராமல் தவித்தவளை ‘கல்நெஞ்சுக்காரி’ என்ற மாமியார்களையும், தாய்ப்பாலை வீரத்துக்கும் மானத்துக்கும் அடமானம் வைத்த கவிதைகளையும் இந்த ஒரு நரம்புப் பாதையை வைத்து மறுத்துப் பேசலாம்.

குரலுக்கும் நெஞ்சோடு உறவு உண்டு. குரல்வளையை அசைக்கும் நரம்புகளில் இடப்பக்கத்தது, கழுத்தில் இருக்கும் குரல்வளைக்கு நேரே போவதில்லை. நெஞ்சுக்குள் இறங்கி, இதயத்திலிருந்து எழும் பெருந்தமனியின் வளைவைச் சுற்றிக்கொண்டு மறுபடி மேலே ஏறுகிறது. நெஞ்சில் வரும் நோய் சிலருக்கு முதலில் குரல் கம்மலாகத் தெரிவது அதனால். நன்னூலார் வல்லின எழுத்துகளுக்குப் பிறப்பிடம் மார்பு என்று வகுத்தது வேறு கணக்கில். இருந்தாலும் இந்தப் படத்தைப் பார்த்தபோது எனக்கு அந்த நூற்பாதான் ஞாபகம் வந்தது. வன்மையாகப் பேச நெஞ்சு வேண்டும்.

இனி அத்தையின் கை. இரண்டாவது விலா நரம்பின் பக்கக் கிளை மற்றவற்றைப் போல மார்புத் தோலோடு நிற்பதில்லை. அக்குளைக் கடந்து புஜத்தின் உள்பக்கத் தோலுக்குப் போகிறது. மார்புப் புற்றுக்கு அறுவை செய்யும்போது அக்குளில் உள்ள நிணநீர் முடிச்சுகளையும் எடுப்பார்கள். அந்த இடத்தின் குறுக்கேதான் இந்தக் கிளை போகிறது. சில சமயம் காப்பாற்றலாம். பல சமயம் அறுபடும். அறுபட்டால் புஜத்தின் உள்பக்கம் மரக்கும், அல்லது எரியும். சிலருக்கு அது போவதே இல்லை. உயிரைக் காப்பதற்காக ஒரு நரம்பை விடுவதில் தவறில்லை. விட்டோம் என்பதை உடம்புக்குச் சொந்தக்காரியிடம் சொல்லாததுதான் தவறு. ‘இந்த இடத்தில் சூடு தெரியாது, அடுப்படியில் பார்த்து இருங்க’ என்ற ஒரு வாக்கியம் அந்தக் கொப்புளத்தைத் தடுத்திருக்கும்.

எடுத்துவிட்ட மார்பு அரிப்பதாக அத்தை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தாள். பைத்தியம் என்பார்கள் என்று பயம். இல்லாத உறுப்பை உணர்வது மருத்துவம் அறிந்த ஒன்று, அறுபட்ட பிறகும் அந்த இடத்துக்கான கணக்கு மூளையில் இருக்கும் என்று வாசித்துச் சொன்னேன். “அப்ப எனக்குக் கிறுக்கு இல்லங்க” என்று, அடுக்களையில் இருந்த மாமாவுக்குக் கேட்கும்படி சத்தமாகச் சொன்னாள்.

*

2002இல் குட்டி ரேவதியின் ‘முலைகள்’ தொகுப்பு வந்தபோது நடந்தவை பலருக்கு ஞாபகம் இருக்கும். தலைப்பே ஆபாசம் என்றார்கள். பெண் கவிஞர்களை அடிக்க வேண்டும், எரிக்க வேண்டும் என்று திரைப்பாடல் எழுதுகிறவர்களே பொதுவெளியில் பேசினார்கள். காமிரா கேட்கும் இடத்தில் மார்பை வைத்துப் பாட்டெழுதியவர்களுக்கு, அதைத் தன்னுடையது என்று ஒருத்தி சொன்னது பொறுக்கவில்லை. சல்மா, மாலதி மைத்ரி, சுகிர்தராணி என்று ஒரு தலைமுறையே அந்த வசவைச் சேர்ந்து வாங்கியது.

அவர்களைத் தாங்கிப் பேசியவர்களில் நானும் ஒருத்தி. அதில் வருத்தமில்லை. ஆனால் எப்படித் தாங்கினோம் என்பதை இப்போது திருப்பிப் பார்க்கிறேன். அவர்கள் ஆபாசம் என்றார்கள். நாங்கள் குறியீடு என்றோம். அரசியல் என்றோம், எதிர்ப்பு என்றோம், மொழியைக் கைப்பற்றுதல் என்றோம். எல்லாம் உண்மைதான். ஆனாலும் எதிர்த்தவர் கண்ணுக்கும் ஆதரித்தவர் கண்ணுக்கும் அந்த உறுப்பு இன்னொன்றைக் காட்டும் பலகையாகவே இருந்தது. அந்தத் தலைப்புக் கவிதையில் முலை பொழுதுக்குப் பொழுது மாறுகிறது, விம்முகிறது, துக்கம் தாங்குகிறது. எழுதியவர் சித்த மருத்துவம் படித்தவர். உடம்பில் எது எங்கே ஓடுகிறது என்று தெரிந்த ஒருவர் எழுதியதை, உணர்வின் அறிக்கையாக ஏன் நாம் வாசிக்கவில்லை? உடலரசியல் என்ற சொல் எங்களுக்குக் கிடைத்ததும் உடலை விட்டுவிட்டோம்.

பெண் எழுத்தை வாசிக்கும் மாணவிகளிடம் இப்போது நான் கேட்கச் சொல்வது ஒரு கேள்விதான். இந்தக் கவிதையில் உடம்பு எங்கே இருந்து பேசப்படுகிறது, தோலுக்கு வெளியே நின்றா, உள்ளே இருந்தா? கேசாதிபாதமா, அங்காதிபாதமா, அல்லது இரண்டிலும் இல்லாத மூன்றாவதா? அந்த மூன்றாவதற்கு இன்னும் பெயர் இல்லை. அது மருத்துவரின் பெயர்ப் பட்டியலையும் கற்றுக்கொண்டு, ‘எனக்கு இங்கே தெரிகிறது, இங்கே தெரியவில்லை’ என்று சொல்வது. பெயர் தெரியாததால் அத்தை எட்டு மாதம் இழந்தாள். பெயர் தெரிந்திருந்தும் சொல்லாதவர்களால் கையைச் சுட்டுக்கொண்டாள். இலக்கியம் இதற்கு மருந்து தராது. ஆனால் வலியைக் கேட்ட உடனே கண்ணகியை நோக்கி ஓடாமல், வலிக்கிற இடத்தில் சற்று நிற்க அது பழக்கலாம்.

இரண்டாம் நாள் சாயங்காலம் அத்தையைக் கண்ணை மூடச் சொல்லி, தீக்குச்சியின் மருந்தில்லாத முனையால் அவள் கையில் தொட்டுக்கொண்டே வந்தேன். “தெரியுது… தெரியுது… இப்பம் இல்ல.” தெரியாமல் போகும் இடங்களில் எல்லாம் பேனாவால் புள்ளி வைத்தேன். புள்ளிகளைச் சேர்த்தபோது அக்குளில் தொடங்கிப் புஜத்தின் உள்பக்கமாக இறங்கும் நீள்வட்டம் வந்தது. புத்தகத்தில் அந்த நரம்புக்கு நிழல் போட்டுக் காட்டியிருந்த இடமும் ஏறக்குறைய அதேதான். அத்தை படத்தையும் கையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

குளிக்கும்போது கோடு அழிந்துவிடும் என்றேன். அழியட்டும், நாளைக்கு ஒருநாள் இருக்கட்டும் என்றாள். பகவதிபுரத்தில் அவளுக்குத் தெரிந்த ஒருத்திக்குப் போன வருஷம் இதே அறுவை நடந்ததாம். அவளும் கை மரத்ததை வெளியே சொல்லவில்லையாம். மறுநாள் காலையில், ரவிக்கைக் கையைச் சுருட்டிவிட்டு, அந்தக் கோட்டைக் காட்டுவதற்கு அத்தை பஸ் ஏறினாள்.